நஞ்சுக்கொடி: தாய்க்கு அறிவுரை, முதலாளிக்கு விலக்கு

சென்ற மாதம் ஒரு துண்டறிக்கை மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்தது. ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்செனிக் முதலிய கன உலோகங்களால் கருவுற்ற பெண்களுக்கும் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் நேரும் கேடுகளை விளக்கும் அறிக்கை அது. மராத்தியிலும் இந்தியிலும் ஏற்கெனவே ஆயிற்று. தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், செம்பூர் ஆகிய பகுதிகளின் மருத்துவ முகாம்களில் கொடுப்பதற்குத் தமிழிலும் வேண்டும் என்றார்கள். நெருளில் என் வீட்டுச் சன்னலோரம் அமர்ந்து ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று எண்ணித்தான் தொடங்கினேன். பாதி வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

தமிழ் படித்தவளுக்கு வாக்கியத்தைக் கண்டால் எழுவாயைத் தேடும் பழக்கம் போகாது. அந்த அறிக்கையின் அறிவுரைகள் அத்தனையும் முன்னிலை ஏவல். கண்மை தீட்டாதீர்கள். குங்குமத்தைத் தவிருங்கள். வண்ணம் உரியும் சுவருக்கு அருகில் படுக்காதீர்கள். பெரிய மீன்களை, குறிப்பாகச் சுறாவை, உண்ணாதீர்கள். வேலை முடிந்து வந்ததும் கை கழுவுங்கள். ஏவப்படுகிறவள் ஒருத்தியே, தாய். சரி, அந்த ஈயமும் பாதரசமும் எங்கிருந்து வந்தன? அவ்விடத்தில் மட்டும் வாக்கியம் திடீரென்று எழுவாயை இழந்துவிடுகிறது. தண்ணீரில் கலந்திருக்கலாம், மண்ணில் படிந்திருக்கலாம், காற்றில் பரவியிருக்கலாம். கலந்தவர் யார், பரப்பியவர் யார் என்பதற்கு அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. தொழிற்சாலை என்ற சொல்லே அதில் ஓரிடத்தும் வரவில்லை.

அறிக்கையின் அறிவியலில் பிழை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோழர்கள் பலர் இதை மருத்துவர்களின் விவகாரம் என்று கருதுவதால், அந்த அறிவியலைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தாயையும் சிசுவையும் இணைக்கும் உறுப்புக்கு நம் மொழி இட்ட பெயர் நஞ்சுக்கொடி. பிரசவத்திற்குப் பின் அது உள்ளே தங்கிவிட்டால் தாய்க்கு நஞ்சாகும், அதனால்தான் அந்தப் பெயர் என்று எங்கள் ஊர் மருத்துவச்சிப் பாட்டி சொல்வாள். நவீன மருத்துவமோ நெடுங்காலம் அதை ஒரு கோட்டைச் சுவர் என்று நம்பியிருந்தது. தாயின் இரத்தத்தில் உள்ள நஞ்சு அந்தச் சுவரைத் தாண்டாது என்று பாடப்புத்தகங்கள் கற்பித்தன. உண்மை வேறு. ஈயம் தங்குதடையின்றிக் கடக்கிறது. பாதரசத்தின் ஆவியும் கடக்கிறது. மீன்வழி வரும் மெதில் பாதரசமோ சிசுவின் இரத்தத்தில் தாயினுடையதைவிட மிகுந்த அளவில் சேர்கிறது. காட்மியம் பெரும்பாலும் கொடியிலேயே தங்கிவிடுகிறது. தங்கி, சிசுவுக்குப் போக வேண்டிய துத்தநாகத்தைத் தடுக்கிறது. குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், மூளை வளர்ச்சியில் பின்னடைவு என்று விளைவுகள் நீள்கின்றன. ஈயத்தைப் பொறுத்தவரை, தீங்கில்லாத அளவு என்று அறியப்பட்ட ஓர் அளவு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஈயத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது இரத்தத்தில் சில வாரங்களே நிற்கும். பின் எலும்பில் போய்ச் சுண்ணாம்புச் சத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் உறங்கும். கருவுற்ற பெண்ணின் உணவில் சுண்ணாம்புச் சத்து போதாதபோது உடல் எலும்பைக் கரைத்துச் சிசுவுக்குக் கொடுக்கிறது. உறங்கிய ஈயமும் அப்போது விழித்துக்கொள்கிறது. பதினைந்து வயதில் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டடியில் வேலை பார்த்த ஒரு பெண், பின்பு அந்தப் பக்கமே போகாதிருந்தாலும், இருபத்தெட்டு வயதில் தன் பிள்ளைக்கு அந்த ஈயத்தைக் கொடுக்கிறாள். 1999இல் ஜார்ஜ் அறக்கட்டளை மும்பை, சென்னை உட்பட நம் பெருநகரங்களில் எடுத்த ஆய்வில், சோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைக் கடந்த ஈயம் இருந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது 2000இல்தான். அன்று சாலையோரம் அந்தப் புகையைச் சுவாசித்த சிறுமிகள்தாம் இன்று கருவுற்ற தாய்மார்கள். அவர்கள் எந்தக் கண்மையைத் துடைத்து எலும்பில் உள்ளதைத் தவிர்ப்பார்கள்?

இரும்புச் சத்து குறைந்த உடல் ஈயத்தை மிகுதியாக உறிஞ்சும் என்பதும் நிறுவப்பட்ட உண்மை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். ஆகவே ஒரே காற்றைச் சுவாசிக்கும் இரு பெண்களில், வயிறார உண்ணாதவளின் பிள்ளைக்கே நஞ்சு மிகுதியாகச் சேர்கிறது. வர்க்கம் எங்கே தொடங்குகிறது என்று கட்சி வகுப்புகளில் கேட்போம் அல்லவா? கருப்பையில் தொடங்குகிறது என்று இரத்தப் பரிசோதனையே சொல்கிறது.

மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். பழைய மின்கம்பிகளைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் ஒரு சந்து. கம்பியின் மேலுறையில் ஈயம் உண்டு. மின்பலகைகளில் பற்றவைத்திருக்கும் உலோகத்தில் ஈயம் உண்டு. அங்கே பலகைகளைப் பிரித்து அடுக்கும் பெண்களில் ஒருத்திக்கு ஐந்தாவது மாதம். பெயர் வேண்டாம். அவளுடைய பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அது ஒழிந்தபின் குடும்பம் கழிவுத் தொழிலுக்கு வந்தது. அறிக்கையில் உள்ளதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். கையில் இருந்த பலகையைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்:

“எக்கா, மீனு திங்காதன்னு எனக்குச் சொல்லுதிய. வயர எரிக்காதன்னு சேட்டுகிட்ட யாரு சொல்லுவா?”

அவளுக்கு அப்போது பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சுறாவைப் பற்றி அறிக்கை சொன்னது அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது. பால் சுரக்கவென்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கிண்டிக் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். இன்று அந்தக் கரிசனத்தையே குற்றப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. மாமியார் புட்டில் பாதரசம் போடவில்லை. அது நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கி வழியே வானுக்கும், வானிலிருந்து கடலுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் போனது. அப்புகைக்கு 2015 டிசம்பரில் ஒன்றிய அரசே வரம்பு விதித்தது; இரண்டாண்டில் நிறைவேற்ற வேண்டும் என்றது. பிறகு கெடு தள்ளிப்போயிற்று, மீண்டும் தள்ளிப்போயிற்று. 2025 ஜூலையில் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக வாயுவைக் கழுவும் கருவி பொருத்துவதிலிருந்தே விலக்கு அளித்துவிட்டார்கள். அந்தக் கருவி பாதரசத்திலும் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கக்கூடியது. முதலாளிக்கு விலக்கு, தாய்க்கு விலக்கப்பட்ட உணவுப் பட்டியல்!

பாதரசம் என்றதும் தோழர்களுக்கு நினைவு வர வேண்டியது மினமாட்டாவும் கொடைக்கானலும். இரண்டையும் தனித்தனியே அறிந்திருக்கிறோம், சேர்த்துப் படித்ததில்லை.

ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ நிறுவனம் தன் வேதியியல் ஆலையின் பாதரசக் கழிவைக் கொட்டியது. நோய் முறைப்படி பதிவானது 1956 மே முதல் நாள். 1959இல் ஆலையின் சொந்த மருத்துவரே பூனைக்குக் கழிவைக் கொடுத்துப் பார்த்து உண்மையைக் கண்டுகொண்டார். நிறுவனம் அதை மூடி மறைத்தது. அந்தப் பகுதியில் மூளைவாதம் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகள் பலர் பிறந்திருந்தனர். அவர்கள் மீன் உண்டவர்கள் அல்லர், தாய்மார்களோ வெளித்தோற்றத்துக்கு நலமாக இருந்தவர்கள். ஆகவே இது அந்த நோய் ஆகாது என்றனர் நிபுணர்கள். நஞ்சுக்கொடி கோட்டைச் சுவர் என்ற பாடம் முதலாளிக்கு எவ்வளவு வசதியாக இருந்தது பாருங்கள். இறந்த குழந்தைகளின் உடலை ஆராய்ந்த பிறகு, 1962இல்தான், கருவிலேயே நஞ்சுண்ட பிள்ளைகள் என்று 16 பேர் ஏற்கப்பட்டனர். தாய்க்கு வந்திருக்க வேண்டிய நஞ்சில் பெரும்பங்கைப் பிள்ளை வாங்கிக்கொண்டிருந்தது. ஜப்பானியர்கள் உலர்ந்த தொப்புள்கொடியைச் சிறு பேழையில் வைத்துக் காப்பவர்கள். நம்மவர் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவதைப் போல. பல ஆண்டுகள் கழித்து டாக்டர் ஹராடாவும் உடன் ஆய்வாளரும் அந்தத் தொப்புள்கொடிகளை வாங்கிச் சோதித்தபோது, அவற்றுள் மெதில் பாதரசம் இருந்தது. நிறுவனம் அழிக்க முடியாத ஆவணத்தைத் தாய்மார்கள் வீட்டில் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

இதற்கிடையே 1959 டிசம்பரில் சிஸ்ஸோ நோயாளிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. கொடுத்த பணத்தின் பெயர் ஆறுதல் தொகை. நோய்க்கு ஆலைதான் காரணம் என்று பின்னாளில் மெய்ப்பிக்கப்பட்டாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக்கூடாது என்பது அதன் நிபந்தனை. ஆலை 1968 வரை கழிவைக் கொட்டியது. 1973இல் குமமோட்டோ நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ளியது.

இனி நம் மலைக்கு வருவோம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை, 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தது. அங்கே பாதரசத்தைக் கையாள்வதற்கு விதிகள் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. யூனிலீவர் அந்நிறுவனத்தை வாங்கியபின் ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. செய்யப்பட்ட வெப்பமானிகள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கே. அமெரிக்கத் தாய் தன் குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்க, கொடைக்கானல் தாய் பாதரச ஆவியைச் சுவாசித்தாள். பாதரசம் கொதிக்க வேண்டியதில்லை. அறை வெப்பத்திலேயே ஆவியாகும், மணமோ நிறமோ இராது. வேலை முடிந்து வீடு போகையில் சேலையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு கூடவே போகும். ஆலையில் கால்வைக்காத மனைவியும் அதைச் சுவாசித்தாள்.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் 7.4 டன் பாதரசக் கண்ணாடிச் சில்லுகள் கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வெளிக்கொணர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. நம் நாட்டிலிருந்து நச்சுக்கழிவு வந்த வழியே திரும்பிய அரிய நிகழ்ச்சி அது. அந்தப் பெருமை போராடியவர்களுடையது. ஆனால் கழிவைத் திருப்பி அனுப்ப முடிந்தது, கருப்பைக்குள் போனதை எந்தக் கப்பலில் ஏற்றுவது? கருச்சிதைவுகளையும், மாதவிடாய்க் கோளாறுகளையும், குறையோடு பிறந்த பிள்ளைகளையும் பற்றித் தொழிலாளர்கள் மீண்டும் மீண்டும் சொன்னார்கள். ஆலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றது நிறுவனம். 2006இல் முன்னாள் தொழிலாளர் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. முதலில் அமைந்த நிபுணர் குழு, தொடர்பை நிறுவப் போதிய சான்றில்லை என்றது. பின்னர் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை, பாதரசத்தால் தொழிலாளர்களின் உடல் உறுப்புகள் பலவும் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கண்டது. நிறுவனம் அப்போதும் ஏற்கவில்லை. 2015இல் சோபியா அஷ்ரப் பாடிய ஒரு பாட்டு உலகம் முழுவதும் பரவி நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தது. 2016 மார்ச்சில், ஆலை மூடிப் பதினைந்தாண்டுகள் கழித்து, 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது.

அந்த உடன்பாட்டின் மொழியைக் கவனியுங்கள். அதில் இழப்பீடு என்ற சொல் இல்லை. மனிதாபிமான அடிப்படையில் அளிக்கும் கருணைத்தொகை என்கிறார்கள். தொகை எவ்வளவு என்பது பொதுவெளியில் அறிவிக்கப்படவில்லை. குற்றம் செய்தவன் கருணை காட்டுகிறான்! ஆறுதல் தொகைக்கும் கருணைத்தொகைக்கும் நடுவே ஐம்பத்தாறு ஆண்டுகள். அகராதியில் மட்டும் அவை அடுத்தடுத்த பக்கத்துச் சொற்கள். தொழிலாளர்களை நான் குறை சொல்லவில்லை. பதினைந்தாண்டு அலைந்தவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டார்கள். அதையும் போராடித்தான் வாங்கினார்கள். ஆனால் அந்த ஆலையின் பெண்கள் இழந்த கருக்களுக்குப் பொறுப்பு இன்னார் என்று எழுதிய ஒரு தீர்ப்பு இன்றுவரை இல்லை. அந்நிறுவனத்தின் இந்தியத் தலைமையகம் இதே மும்பையில், அந்தேரியில் இருக்கிறது. பாம்பார் சோலையின் மேலே ஆலை நின்ற மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாமா கூடாதா என்று பிறகு பல ஆண்டுகள் வழக்காடினார்கள். அந்தச் சோலையின் தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் சமவெளிக்கு இறங்குவது.

இங்கே தோழர் ஒருவர் என்னிடம் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். “இப்படி ஆபத்தான வேலையில் பெண்களைச் சேர்க்காமல் விட்டுவிடலாமே?” நல்லெண்ணத்தில் கேட்டார். இதே கேள்வியை முதலாளிகளும் கேட்டிருக்கிறார்கள். பதிலையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

1978இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அமெரிக்கன் சயனமிட் நிறுவனம், ஈயம் கலந்த நிறமி தயாரிக்கும் பிரிவில் பிள்ளைபெறும் வயதுப் பெண்கள் வேலைசெய்யக் கூடாது என்றது. வேலை வேண்டுமானால் கருத்தடை அறுவை செய்துகொண்டு வரலாம். ஐந்து பெண்கள் செய்துகொண்டார்கள். பிறகு அந்தப் பிரிவையே நிறுவனம் மூடிவிட்டது. ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனமும் 1982இல் இத்தகைய தடையைக் கொண்டுவந்தது. தொழிற்சங்கம் வழக்காடி, 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. அந்த வழக்கில் சேர்ந்தவர்களுள் ஓர் ஆணும் உண்டு. தந்தையாகும் முன் இரத்தத்தில் ஈயத்தைக் குறைத்துக்கொள்ள விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்டவர் அவர். ஈயம் ஆணின் விந்தையும் கெடுக்கும் என்பது புதுச் செய்தி அன்று. 1860இலேயே கான்ஸ்டன்டின் பால் என்ற பிரெஞ்சு மருத்துவர், அச்செழுத்து வார்ப்பகங்களில் வேலை செய்த பெண்களின் கருச்சிதைவுகளைப் பதிவு செய்தபோது, தந்தை மட்டும் ஈயத்தில் உழைத்த குடும்பங்களிலும் இதே துயரம் நேர்வதை எழுதிவைத்தார். ஆனாலும் ஆணை எந்த முதலாளியும் வெளியே நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஆலை ஓடாது.

அமெரிக்கா தொலைவு என்று நினைக்க வேண்டாம். நம் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி அரசு அமைத்த குழு, 2019இல் 82 ஆயிரம் பெண்களிடம் விசாரித்ததில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பையை அகற்றிக்கொண்டிருந்தனர். அங்கே உலோகம் இல்லை, கணக்கு அதேதான். வேலைக்கு உடல் பொருந்தவில்லையா, உடலை வெட்டு. பெண்ணை வெளியேற்றுவதும் பெண்ணுக்கு அறிவுரை கூறுவதும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. பட்டறையின் காற்று அப்படியே இருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது? சட்டப்படி பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் மகப்பேற்று விடுப்பு எடுக்கலாம். சிசுவின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படை அமைவது முதல் சில வாரங்களில், பெரும்பாலும் அவள் கருவுற்றிருப்பதை அறியும் முன்பே. நஞ்சு முதல் மாதத்தில் வருகிறது, சட்டம் ஏழாம் மாதத்தில் வருகிறது. தாராவிப் பெண்ணுக்கு அதுவும் கிடையாது. முதல் பிரசவத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை உண்டு, ஆவணங்கள் சரியாக இருந்தால். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தாலே தொழிற்சாலை என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கியிருக்கிறது. மின்சக்தி இல்லாத இடத்துக்கு 20 இருந்ததை 40 ஆக்கியிருக்கிறது. ஈயம் உருக்கும் கொட்டடிகளிலும் கம்பி எரிக்கும் சந்துகளிலும் ஏழெட்டுப் பேருக்கு மேல் என்றைக்கு இருந்தார்கள்? அதே தொகுப்பு எல்லா வேலைகளையும் பெண்களுக்குத் திறந்துவிடுவதாகப் பெருமை பேசுகிறது. திறக்கட்டும், அது நம் கோரிக்கையும்கூட. கதவைத் திறப்பவன் உள்ளே உள்ள புகையை முதலில் வெளியேற்ற வேண்டாமா?

தாராவி மக்களில் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்படுபவர்களைக் குடியமர்த்தத் தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் ஒதுக்கியிருப்பதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். 1927 முதல் இந்த நகரம் தன் பேட்டரியையும் விளக்கையும் வண்ணத்தையும் கொட்டிய மேடு அது. அங்கே குடியேறும் மருமகளுக்கும் இதே துண்டறிக்கையைக் கொடுப்பார்கள்: சுவருக்கு அருகில் படுக்காதீர்கள்.

நம் வீட்டைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். எங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலைமையை எழுதியபோது, பீங்கான் பட்டறைகளில் ஈயமும் ஆர்செனிக்கும் கலந்த கலவையில் கை நனைத்த தொழிலாளரைப் பற்றிக் குறிப்பிட்டார். இத்தகைய சாவுகளுக்குச் சமூகக் கொலை என்று பெயரிட்டவரும் அவரே. அதைப் படித்து வளர்ந்த நாம், நம் சொந்த அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கோத்த தோழர்களின் இரத்தத்தை என்றைக்காவது சோதித்தோமா? அவர்களில் பெண்களும் இருந்தார்கள். விரலில் ஈயக்கறையோடு டீ குடித்துக்கொண்டே மெய்ப்புத் திருத்தியது எனக்கே நினைவிருக்கிறது. தொழிற்சங்கங்களில் இன்றும் ஆபத்துப் படி என்று மாதம் இத்தனை ரூபாய் வாங்கிக் கொடுத்துவிட்டு அதை வெற்றி என்று அறிவிக்கிறோம். நஞ்சுக்கு விலை பேசி முடித்துவிட்ட பிறகு நஞ்சை அகற்று என்று எந்த முகத்தோடு கேட்பது? எங்கோ தூசு மிகுந்தால் வெல்லக்கட்டி கேட்கிறோம். கருச்சிதைவு என்றால் அது மாதர் அமைப்பின் வேலை என்று கோப்பை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறோம்.

“ஆலையை மூடச் சொன்னால் வேலை போகுமே” என்ற அச்சம் உண்மையானது. கொடைக்கானலில் வேலையும் போயிற்று, உடலும் போயிற்று. அதனால்தான் மூடிய பிறகு வழக்காடுவதைவிட, ஓடும்போதே கேட்க வேண்டும் என்கிறேன். பாதரசம் இல்லாத வெப்பமானி இன்று எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்துக்கு 2017 நவம்பர் முதல் 90 பங்கு என்ற வரம்பு வந்தது. வண்ணக் கம்பெனிகள் ஒன்றும் திவாலாகிவிடவில்லை. தொழிற்சாலை வண்ணங்களுக்கு மட்டும் அந்த வரம்பு ஏன் இல்லை? பட்டறையின் காற்றுக்கு வரம்பு விதிக்கும்போது கட்டுமஸ்தான ஆணின் உடலை அளவாகக் கொள்கிறார்கள். வயிற்றிலுள்ள சிசு தாங்கும் அளவே வரம்பாகட்டும். அங்கே எல்லாரும் வேலை செய்யலாம், ஆண்களும் பிழைப்பார்கள். கருவுற்ற பெண்ணின் அட்டையில் இரும்புச் சத்தும் சர்க்கரையும் எழுதக் கட்டம் இருக்கிறது. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டு, இரத்தத்தில் ஈயத்தைச் சோதிக்கும் கட்டமும் வேண்டும். சோதனையில் ஈயம் தெரிந்தால் கேள்வி போக வேண்டிய இடம் அவளுடைய முதலாளி. அவளுக்கு வேறு வேலையும் குறையாத கூலியும் கொடுப்பது அவன் பொறுப்பு.

துண்டறிக்கையைத் தந்தவர்களிடம் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்க்க அனுமதி கேட்டேன்: “உங்கள் பணியிடத்தில் ஈயமோ பாதரசமோ இருந்தால் அதை அகற்றுவது உரிமையாளரின் கடமை.” மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பில் சேர்க்க இயலாது என்று பதில் வந்தது. தொழில்முறையில் அது சரியான விதி. நானும் இளைய தோழர்களுக்கு அதைத்தான் கற்பிக்கிறேன். ஆகவே மொழிபெயர்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூலத்தையே எழுதுவது என்று எங்கள் கிளை முடிவு செய்திருக்கிறது. முதலில் தமிழில் எழுதுகிறோம்; மராத்திக்கும் இந்திக்கும் பிறகு போகும். அதில் ஏவல் வினைகள் சேட்டை நோக்கியும், ஆய்வாளரை நோக்கியும், அமைச்சரை நோக்கியும் இருக்கும். தாராவியிலும் துர்பேயிலும் தலோஜாவிலும் வீடுவீடாகக் கொடுக்கவிருக்கிறோம். இராணிப்பேட்டை, ஆம்பூர், எண்ணூர், திண்டுக்கல் தோழர்கள் தங்கள் பகுதியில் எந்தப் பட்டறையில் எந்த உலோகம், எத்தனை பெண்கள், இரத்தம் சோதிக்கும் வசதி எத்தனை கிலோமீட்டரில் என்ற விவரங்களை இந்த இதழின் முகவரிக்கு எழுதினால் அடுத்த பதிப்பில் சேர்ப்போம். அந்தச் சகோதரிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. முதல் படி அவளுக்குத்தான்.